ரமூனஸிடம் நாம் போகாத பதினான்கு மாதங்கள்

தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் மதிப்புக்குரிய தெக்லே அம்மையார் அவர்களே, நாற்பது ஆண்டுகளாக இந்தப் பனெவேஜிஸ் நகரக் காதுகேளாதோர் மன்றத்தைக் கண்போல் காத்துவரும் மூத்தோர்களே, பேச்சு என்றால் அது வாயில்தான் பிறக்க வேண்டும் என்று ஊர் சொன்னபோது, என் பிள்ளைக்கு அது விரலில் பிறக்கட்டும் என்று வீட்டுக்குள் ஒரு மொழியையே வளர்த்தெடுத்த தாய்மார்களே, பிர்ஜாயிலிருந்தும் உட்டெனாவிலிருந்தும் ஸ்ட்ராபெர்ரிக் கூடையும் கையுமாகப் பேருந்து ஏறி வந்திருக்கும் தோழர்களே, எங்கள் கைகளை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் காது கேட்கும் உறவினர்களே, என் இடப்பக்கம் நின்று என் கைகளுக்குக் குரல் கொடுக்கும் ஆஸ்தா அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பொவிலஸின் பணிவான வணக்கம்.

நான் பேசுவது கையால். நீங்கள் கேட்பது கண்ணால். பின்வரிசைக்கு மட்டும் ஆஸ்தாவின் குரல். என் பேச்சில் ஓசைநயம் ஏதாவது தென்பட்டால் அது ஆஸ்தா சேர்த்தது, எனக்கு அதில் பங்கில்லை.

முன்வரிசையில் ஒருவர், "சுருக்கமா முடிங்க, சூப் இருக்கு" என்று கை காட்டுகிறார். குளிர்ந்த பீட்ரூட் சூப்தானே ஐயா, காத்திருந்தால் அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது. உட்காருங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு 'புதிய காலத்தின் புதிய சந்திப்புகள்'. மெய்நிகர் அறைகளில் மனிதர்கள் கூடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏன் என்னை அழைத்தார்கள்? மூன்றாண்டுகளுக்கு முன்னால் இதே மேடையில் நின்று அந்த அறையை வானளாவப் புகழ்ந்தவன் நான். தூரம் தோற்றது என்றேன். தனிமை தொலைந்தது என்றேன். நீங்களும் நம் கைத்தட்டலாக இரு கைகளையும் உயர்த்தி அசைத்தீர்கள். இந்த மண்டபமே காற்றில் ஆடும் கோதுமை வயல்போல் இருந்தது. இன்று நான் புகழ வரவில்லை, இகழவும் வரவில்லை. நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். முடிக்கும்போது உங்கள் கைகள் உயராமல் போனாலும் வருந்தமாட்டேன்.

அந்த அறையைத் திறந்தவனே நான்தான். முகத்தில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் முன்னால் ஓர் ஏரி. ஏரிக்குள் நீளும் மரப்பாலம். பாலத்தில் பன்னிரண்டு உருவங்கள். எங்களுக்குக் கால் கிடையாது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆனால் கைகள் உண்டு. கருவியின் கண்கள் நம் கைகளைப் பார்த்து, ஒவ்வொரு விரலையும் அங்கே வரைந்துகாட்டும். வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குக் கூடுவோம். குறைகள் இல்லாமல் இல்லை. கையைக் கொஞ்சம் தாழ்த்தினால் மறைந்துவிடும். ஒரு கை இன்னொரு கையைத் தொட்டால் இரண்டும் நூல்கண்டுபோல் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை நான் "என் மனைவி ரொட்டி சுடுகிறாள்" என்று சொல்லப்போக, "என் மனைவி ரொட்டி" என்று மட்டும் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் கேலி செய்தார்கள்.

ஆனாலும் தோழர்களே, சுற்றிலும் இருபது கிலோமீட்டருக்கு நம் மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊரில் வாழ்ந்திருக்கிறீர்களா? கடைக்காரரிடம் விரலால் சுட்டிக்காட்டி, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா? வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், வியாழக்கிழமை எங்களுக்கு என்னவாக இருந்தது என்று.

அப்படி ஓர் ஊரிலிருந்து வந்தவள்தான் விலியா. பிர்ஜாய்ப் பக்கத்துப் பெண், வயது முப்பத்தொன்பது. எந்த மன்றத்துக்கும் வராதவள். வீடியோ அழைப்பில் பேசலாம் என்றால், "என் போன்ல கேமரா போச்சு" என்று எழுதுவாள். ஏரி அறைக்கு மட்டும் ஒரு வாரமும் தவறாமல் வருவாள். வந்த முதல் மாதம் சும்மா நின்றாள். இரண்டாம் மாதம் பேசத் தொடங்கினாள். அப்புறம் அவளை நிறுத்த எங்களால் முடியவில்லை. அப்படி ஒரு பேச்சு, அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு குறும்பு. சிரிக்கும்போது சுண்டுவிரலால் உதட்டோரத்தைத் தொடுவாள். அதையே அவளுக்குப் பெயராக வைத்தோம். நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டல்லவா? சுண்டுவிரல், உதட்டோரம். அதுதான் விலியா.

அடுத்த வசந்தத்தில் ரமூனஸ் வந்தான். சிலுட்டேக்காரன். நாற்பத்தாறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. இருபது வயதிலிருந்து கண்ணும் குறுகிக்கொண்டே வந்தது. உலகத்தை ஒரு சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் பார்ப்பான். மேசை நாற்காலி செய்யும் வேலையை விட்டுவிட்டு, அக்கா கெனுதேயோடு ஒரே வீட்டில் இருந்தான். இந்த மண்டபத்தில் அவனை உட்காரவைத்தால் என் கை அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கருவி கண்ணுக்கு மிக அருகில் அல்லவா வெளிச்சத்தைக் காட்டுகிறது? ஏரி அறையில் அவனுக்கு எங்கள் கைகள் தெரிந்தன. முதல் நாள் அவன் சொன்னதை மறக்கமாட்டேன். "நாலு வருஷமா எல்லாரும் முணுமுணுத்தீங்க. இன்னைக்குத்தான் வாயைத் திறந்திருக்கீங்க."

முகத்தின் அகலத்துக்குள் கைகளை அடக்கிப் பேசினால் அவனால் முழுவதும் பார்க்க முடியும் என்று முதலில் கண்டுபிடித்தவள் விலியா. அவளைப் பார்த்து மற்றப் பத்துப் பேரும் அவனுக்காகச் சின்னதாகப் பேசக் கற்றோம். நாங்கள் விடைபெற்றுப் போன பிறகும் அவர்கள் இருவரும் பாலத்தில் நிற்பார்கள். ஒருநாள் கருவியைக் கழற்ற மறந்து நானும் நின்றுவிட்டேன். ரமூனஸ் அவளைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

"உன் பேச்சுல மட்டும் ஒரு உச்சரிப்பு இருக்கு. கடைசி ரெண்டு விரலும் சோம்பேறி. பக்கத்து விரல் எழுந்த பிறகுதான் எழுந்திருக்கும்."

"பிடிக்கலைன்னா பார்க்காதே."

"பார்க்கிறதே கொஞ்சம். அதுல பாதி உனக்குத்தான் போகுது."

நான் ஓசைப்படாமல் வெளியேறினேன். ஓசை நமக்கு ஏது? வெட்கத்தோடு வெளியேறினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. ஒரு மார்ச் மாதத்து வியாழக்கிழமை ரமூனஸ் கேட்டான். "யாரு ஏரி மேல பனியை இறக்கினது? ஒருத்தரையும் காணோம்." பனியே இல்லை. நாங்கள் சிரித்தோம். மறுவாரம் அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். அதற்கு அடுத்த வாரம் வரவில்லை.

அவன் அக்கா கெனுதே எனக்குச் செய்தி அனுப்பினார். காது கேட்கும் பெண்மணி. நம் மொழியில் சாப்பாடு, தூக்கம், மருந்து என்று பத்துப் பதினைந்து சொல் மட்டும் தெரிந்தவர். "கண் முழுசா போயிடுச்சு. கைக்குள்ள பேசற முறை ஒண்ணு இருக்காமே, எனக்கு அது தெரியாது. யாராவது வாங்க. அவன் யாரோடயும் பேசாம உட்கார்ந்திருக்கான்."

பின்வரிசைக்காக ஒரு வார்த்தை. கண்ணும் காதும் இல்லாதவரோடு எப்படிப் பேசுவோம்? நாம் பேசும்போது நம் கைகளின்மேல் அவர் தன் கைகளை வைத்துக்கொள்வார். நம் விரல் போகும் இடமெல்லாம் அவர் விரலும் கூடவே வரும். அதற்கு ஒன்றே ஒன்று வேண்டும். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தச் செய்தியை நான் மற்றப் பத்துப் பேருக்கும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்து குவிந்தது. சிவப்பு இதயங்கள். அழும் முகங்கள். "கட்டாயம் போவோம்." "பாவம் ரமூனஸ்." "நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், அவன் கண்ணுக்கு ஏதோ ஆகுதுன்னு." நானும் ஓர் இதயம் போட்டேன். அதோடு நிற்கவில்லை. ஏரி அறையில் அவன் பெயரில் ஒரு பெஞ்சு செய்தேன். மூன்று மாலை உட்கார்ந்து வடிவமைத்தேன். கருவாலி மரத்து நிறம், முதுகில் அவன் பெயர். எல்லாரும் அந்தப் பெஞ்சைச் சுற்றி நின்றோம். அழகான பெஞ்சு.

அவனால் பார்க்க முடியாத பெஞ்சு.

யார் சிலுட்டேக்குப் போனார்கள்? எங்களில் ஒருவன் கிளைபெடாவில் இருக்கிறான், அவனுக்குப் பக்கம்தானே, அவன் போயிருப்பான் என்று நான் நினைத்தேன். அறையைத் திறந்தவர் பொவிலஸ், அவர் போயிருப்பார் என்று கிளைபெடாக்காரன் நினைத்தான். விலியா போயிருப்பாள் என்று எல்லாரும் நினைத்தோம். வியாழன் வந்தது, போனது. ரமூனஸ் எப்படி இருக்கிறான் என்று கேட்டோம். கேட்டதே போய்ப் பார்த்ததுபோல் இருந்தது. கோடை போனது. குளிர் போனது. பதினான்கு மாதங்கள் போயின. நாங்கள் போகவில்லை.

நான்காவது வரிசையில் ஒரு சகோதரி, "உங்களுக்குள்ள வாராவாரம் பேசிக்கிட்டீங்களே, ஒருத்தரை ஒருத்தர் கேட்கலையா?" என்கிறார். அம்மா, அதைத்தான் நானும் ஓராண்டாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டால் நாமும் போகவில்லை என்று சொல்ல வேண்டி வரும். அதனால் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம், மழை கொட்டிய ஒரு பிற்பகலில், இந்த மன்றத்து வாசலில் கெனுதே வந்து நின்றார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மேசைமேல் கிடந்த அறிவிப்புத் தாளைத் திருப்பிப்போட்டு எழுதினார். இன்றும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

"நீங்கதான் பொவிலஸா?"

தலையாட்டினேன்.

"உயிரோடதான் இருக்கீங்களா? பதினோரு பேரும் செத்துட்டீங்களோன்னு நினைச்சேன். நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டேன். அவர் உட்காரவில்லை. எழுதிக்கொண்டே போனார்.

"அவன் உள்ளங்கையில ஒவ்வொரு எழுத்தா எழுதறேன். 'சூப்' எழுதவே அரை நிமிஷம். அவன் பதில் சொல்றான், எனக்குப் புரியல. முதல்ல கோபப்பட்டான். அப்புறம் மெதுவா சொல்லிப் பார்த்தான். இப்ப சொல்றதையே விட்டுட்டான். எனக்கு உங்க மொழி வராது ஐயா. அம்பத்தெட்டு வயசு. கத்துக்காம விட்டது என் தப்புதான். ஆனா உங்களுக்கு வருமே."

தோழர்களே, என் வாழ்நாளில் என்னை யாரும் அடித்ததில்லை. அன்று அடிவாங்கினேன்.

அன்றே விலியாவை வீடியோவில் அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை அழைத்தேன். கடைசியில் எழுதினேன்: "கெனுதே இங்கே வந்திருந்தார். நீயும் போகவில்லை என்று தெரியும். நானும் போகவில்லை. திட்டுவதற்காகக் கூப்பிடவில்லை." அவள் முகம் முதல்முறையாகத் திரையில் வந்தது. வலக்கையை உயர்த்திக் காட்டினாள்.

சுண்டுவிரல் இல்லை. மோதிரவிரல் இல்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மரப்பட்டறையில் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டாள். நமக்கு அது வெறும் விரலா? பாதி நாக்கு போனதுபோல். பேசினால் எதிரில் இருப்பவர், "என்ன? என்ன?" என்று முகம் சுளித்தார்களாம். அதனால் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆறு ஆண்டுகள் கழித்து ஏரி அறைக்கு வந்தபோது, கருவி அவள் கையைப் பார்த்துவிட்டு, மனிதக் கைக்கு ஐந்து விரல் என்று தானாகவே கணக்குப்போட்டு இரண்டு விரலை வரைந்து சேர்த்திருக்கிறது. அவள் தன் கையைப் பார்த்தாள். முழுக் கை. சிரித்தாள். சுண்டுவிரலை உதட்டோரம் கொண்டுபோனாள். அங்கே எல்லாருடைய விரலும் தடுமாறியதால் அவள் தடுமாறியதை யாரும் கவனிக்கவில்லை.

"அவனுக்கு என் முகம் தெரியாது" என்றாள். "குரல்னு ஒண்ணு நமக்குக் கிடையாது. அவனுக்குத் தெரிஞ்சது இந்தக் கை ஒண்ணுதான். அதுவே பொய். கையைத் தொட்டுத்தான் பேசணும்னா, நான் எந்தக் கையைக் கொண்டுபோக?"

"சனிக்கிழமை காலை காரோடு வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

சிலுட்டேயில் அவன் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். கெனுதே அவன் தோளைத் தட்டினார். நான் என் கைகளை அவன் கைகளுக்குக் கீழே கொண்டுபோய் என் பெயரைச் சொன்னேன். அவன் விரல்கள் என் விரல்களைத் தடவிப் பார்த்தன. பிறகு மெதுவாக, மறந்துபோன பாதையில் நடப்பவனைப்போலப் பேசினான்.

"தலைவரே. வந்துட்டீங்களா. ஏன், ஏரி வத்திப்போச்சா?"

மன்னிப்புக் கேட்டேன். "பிறகு கேளுங்க" என்றான். "முதல்ல ஏதாவது பேசுங்க. எதையாவது. மழையைப் பத்திப் பேசுங்க." ஒரு மணி நேரம் பேசினேன். மழை, சாலை, மன்றத்தின் ஒழுகும் கூரை. அவன் என் கைகளை விடவில்லை. என் மணிக்கட்டில் அவன் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

பிறகு விலியா அமர்ந்தாள். கைகளைக் கொடுத்தாள். தன் பெயரைச் சொன்னாள். இல்லாத விரலால் உதட்டோரத்தைத் தொட்டாள்.

"யாரு? புரியல."

மறுபடியும் சொன்னாள். எழுத்தெழுத்தாகச் சொன்னாள். சுண்டுவிரல் மட்டும் எழுந்து நிற்கிற எழுத்து ஒன்று அவள் பெயரில் இருமுறை வருகிறது. இரண்டிலும் அவனுக்கு வெற்றிடம்தான் கிடைத்தது. அவன் அவள் கையைத் திருப்பினான். மேலும் கீழும் தடவினான். வெட்டுப்பட்ட இடத்தில் அவன் கட்டைவிரல் நின்றது.

"மத்தது எங்கே?"

"மரப்பட்டறையில. பத்து வருஷம் ஆச்சு."

"அப்ப நான் பார்த்தது?"

"மெஷின் வரைஞ்சது."

அவன் அவள் கையை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டான். அடுப்பில் ஏதோ கொதித்தது. கெனுதே திரும்பி நின்று அழுதார். கடைசியில் அவனே கை நீட்டி அவள் கையைத் தேடினான்.

"இதுக்காகவா வராம இருந்தே? பதினாலு மாசம்?"

"ஆமா."

"நான் உன் விரலையா எண்ணிக்கிட்டிருந்தேன், விலியா?"

அவள் கையை எடுக்கவில்லை. "இன்னைக்குப் போ" என்றான். "கோபமா இருக்கேன். அடுத்த சனிக்கிழமை வா. எனக்கும் பேச்சு மறந்திருக்கு, உன் பேச்சும் எனக்குப் புதுசு. ரெண்டு பேரும் முதல்லேர்ந்து கத்துக்கணும்."

அவள் போனாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். இரண்டு பேருந்து மாறி, போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். இருபத்துமூன்று சனிக்கிழமைகள். எட்டாவது வாரம் அவன் சிரித்தான் என்று கெனுதே எனக்கு எழுதினார். பத்தாவது வாரம் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், என்னவென்று தெரியவில்லை, பார்க்க நன்றாக இருந்தது என்று எழுதினார். பழைய பெயர் வேண்டாம் என்று அவன் விலியாவுக்குப் புதிய பெயர் ஒன்று வைத்தான். அது என்ன என்று கேட்டோம். அவள் சொல்லவில்லை. அது கண்ணால் பார்க்கிற பெயர் இல்லையாம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். கெனுதே விலியாவுக்கு எழுதினார். மருத்துவர்கள் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள், சனிக்கிழமை நேராக இங்கேயே வந்துவிடு என்று. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவனோடு பேச யாருக்கும் தெரியாது. பார்வை நேரத்தில் மட்டும் அக்கா வருவார், உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக எழுதுவார். மற்ற நேரமெல்லாம் அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரித்து வைத்துக்கொண்டே இருந்தானாம். யாராவது வந்து பேசுவார்களா என்று நீட்டிய கை. தண்ணீர் கேட்கிறான் போலும் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக் குடிப்பான். மறுபடி நீட்டுவான். மறுபடி தண்ணீர்.

வெள்ளிக்கிழமை மாலை இறந்துபோனான். சனிக்கிழமை மதியம் விலியா பேருந்தை விட்டு இறங்கினாள்.

என் தோழர்களே, இதற்கு யாரைக் குறை சொல்வேன்? அந்தக் கருவியையா? அது இல்லையென்றால் விலியா பேசியே இருக்கமாட்டாள். ரமூனஸின் கடைசி வெளிச்சத்தில் எங்கள் கைகளே இருந்திருக்காது. பொய்யான இரண்டு விரல் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்டு வாழ்வைக் கொடுத்தது, அதை நான் மறுக்கமாட்டேன். ஏரி எங்களைச் சேர்த்தது. சேர்த்த பிறகு எழுந்து போக வேண்டியது யார்? ஏரியா? அங்கே நாங்கள் அன்பாக இருந்தோம், நிஜமாகவே அன்பாக இருந்தோம். அந்த அன்பு வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தொடங்கி, கருவியைக் கழற்றும்போது முடிந்தது. கண்ணுக்கு ஏரி காட்டினோம், கைக்கு ஆள் அனுப்பவில்லை. வருத்தப்பட்டோம், வண்டி ஏறவில்லை. பெஞ்சு செய்தோம், பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு மனிதன் பதினான்கு மாதம் மொழியில்லாமல் இருந்தான். இருபத்துமூன்று நாள் மொழியோடு இருந்தான். இந்த இரண்டு எண்களையும் நான் சாகும்வரை சுமப்பேன். உங்களைச் சுமக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் தூக்கிப் பாருங்கள் என்கிறேன்.

விலியா எங்கே என்று சிலர் தேடுகிறீர்கள். அவள் இங்கே இல்லை. தெல்ஷேயில் கண்ணும் காதும் இல்லாத ஓர் அம்மையார் தனியாக இருக்கிறார். கெனுதேயும் விலியாவும் இன்று அங்கே போயிருக்கிறார்கள். கெனுதேக்கு இப்போது நம் மொழியில் இருநூறு சொல் வரும். ஐம்பத்தொன்பது வயதில், தம்பி போன பிறகு, கற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்படி இன்னும் எட்டுப் பேர் நம் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் ஊரும் வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். இதயம் அனுப்ப வேண்டாம். வருவேன் என்று எழுதிவிட்டு வராமல் இருக்கவும் வேண்டாம். எந்த நாள், எந்தப் பேருந்து என்று எழுதுங்கள். கைக்குள் பேசத் தெரியாதே என்பவர்களுக்கு இன்றே தொடக்கம் செய்துவைக்கிறேன்.

பொறுமையாகப் பார்த்த உங்கள் கண்களுக்கு நன்றி. என் தடுமாற்றத்தையும் சேர்த்துக் குரலாக்கிய ஆஸ்தாவுக்கு நன்றி. வேறு தலைப்பில் பேச அழைத்து, இதைப் பேச விட்ட தலைவர் அம்மையாருக்கு நன்றி. கைகளை உயர்த்தி அசைக்காதீர்கள், கீழேயே வைத்திருங்கள், அவற்றுக்கு இப்போது வேலை இருக்கிறது. நான் இறங்கிப்போய் வாசலில் கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி நிற்கிறேன். சூப் குடிக்கப் போகும்முன் ஒவ்வொருவராக வந்து, உங்கள் பெயரை என் கைக்குள் சொல்லிவிட்டுப் போங்கள். யார் என்று எனக்குப் புரியும்வரை கையை எடுக்காதீர்கள்.

வணக்கம்.